காலை 10 மணிக்குள் வீட்டுக்குத் தெரிய வேண்டிய செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி நேரத்தில் சீருடையோடு திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலும் மலைக்கோட்டைப் படிகளிலும் காவிரிக்கரை முக்கொம்புப் பூங்காவிலும் சுற்றித் திரியும் மாணவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில வாரங்களாக வெளியாகிவரும் கடிதங்களைப் படித்து வருகிறேன். காவல்துறையினர் ரோந்து போய் இவர்களைப் பிடிக்க வேண்டும் என்கிறார் ஒருவர். மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினால்தான் மற்றவர்களுக்குப் புத்தி வரும் என்கிறார் இன்னொருவர். பிடிபட்டவர்களின் படத்தைப் பத்திரிகையில் போட வேண்டும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 1986 முதல் 2018 வரை 32 ஆண்டுகள் இந்த ஊர் நகரப் பேருந்துகளில் நடத்துநராக இருந்து, அவற்றில் பெரும்பகுதியை முக்கொம்புத் தடத்திலேயே கழித்தவன் என்ற முறையில், இந்த மூன்று யோசனைகளில் ஒன்றுகூடக் காரியத்துக்கு உதவாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் நிறுவனத்துக்குத் தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழகம் என்று பெயர். அந்நாளிலும் பையன்கள் மட்டம் போட்டார்கள். இப்போது அதையே ‘கட் அடிப்பது’ என்கிறார்கள். சொல் மாறியிருக்கிறதே தவிர, அவர்கள் போகும் வழி அவ்வளவாக மாறவில்லை. மாணவரின் இலவசப் பயண அட்டையில் ஏறும் இடமும் இறங்கும் இடமும் பள்ளியின் பெயரும் எழுதியிருக்கும். புத்தூரில் இருக்கும் பள்ளிக்குப் போக வேண்டிய பையன் காலை ஒன்பதே முக்காலுக்குக் குடமுருட்டி தாண்டி என் வண்டியில் உட்கார்ந்திருந்தால், அவன் எங்கே போகிறான் என்று கேட்க வேண்டிய தேவையே எனக்கு இருந்ததில்லை. அட்டை செல்லாது, இறங்கு என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. ஆனால் கம்பரசம்பேட்டையிலோ முத்தரசநல்லூரிலோ நடுவழியில் இறக்கிவிட்டால் அவன் திரும்பிப் பள்ளிக்கா போவான்? ஆற்றங்கரை அங்கே இன்னும் பக்கம். ஆகையால் சீட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு, கண் பார்வையில் வைத்துக் கொண்டு போய் இறக்கிவிடுவேன். சரியோ தவறோ, எங்களில் பலர் அப்படித்தான் செய்தோம்.

அவர்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதைப் பெரியவர்கள் பலர் தவறாகவே கற்பனை செய்துகொள்கிறார்கள். வீட்டிலிருந்து வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவார்கள். சீருடைச் சட்டைக்குள்ளேயே வண்ணப் பனியன் இருக்கும். சத்திரத்துக் கட்டணக் கழிப்பிடத்துக்குள் போய் வெளியே வரும்போது வேறு ஆளாகி விடுவார்கள். புத்தகப் பையைத் தெரிந்த சைக்கிள் ஸ்டாண்டில் போட்டுவிட்டு, உச்சிப்பிள்ளையார் கோயில் வரை ஏறி, கீழே தெரியும் ஊரில் தங்கள் பள்ளி எது, தலைமையாசிரியர் வீடு எது என்று தேடிக் கொண்டிருப்பார்கள். பிறகு தெப்பக்குளம், என்.எஸ்.பி. சாலை, எதையும் வாங்காமலே கைப்பேசிக் கடைகளில் விலை கேட்பது, தில்லைநகர்க் குறுக்குத் தெருக்களில் அழைப்பு மணியை அழுத்திவிட்டு ஓடுவது, இருக்கிற காசையெல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு இரண்டு பிரியாணி வாங்கித் தின்பது, பெரிய நடிகரின் படம் வந்த நாளென்றால் காலைக் காட்சி, அதற்கும் மேல் பொழுது மிஞ்சினால் முக்கொம்பு. உண்மையைச் சொல்வதானால் இதில் பெரும்பகுதி குறும்புதான். அழைப்பு மணிக்கு எழுந்து வந்து ஏமாந்து போகிற முதியவர் என் வயதுக்காரர் என்பதால் எனக்கு அவர்மீதும் அனுதாபம் உண்டு; என்றாலும் அதற்காகக் காவல் நிலையம் வரை போக வேண்டியதில்லை.

குறும்பு ஆபத்தாக மாறும் இடங்கள் மூன்று. அவற்றில் ஒன்று படிக்கட்டு. 2012 டிசம்பர் 10ஆம் தேதி சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் பேருந்துப் படிக்கட்டில் நின்று சென்ற நான்கு பள்ளி மாணவர்கள் லாரி மோதி உயிரிழந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அந்த வாரம் முழுவதும் எங்கள் பணிமனையில் ஒரு நடத்துநரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவது, அண்ணனுடைய அல்லது மாமாவுடைய இரு சக்கர வாகனத்தை எடுத்து வந்து மூன்று பேராகப் போவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதை வண்டிச் சாவியைக் கொடுக்கிற மாமன்மார் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

மூன்றாவது ஆறு. ஜூன் 12 மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள். பள்ளி திறப்பதும் ஏறத்தாழ அப்போதுதான். சில நாளில் புதுத்தண்ணீர் முக்கொம்புக்கு வந்துவிடும். கோடை முழுவதும் மணலாகக் கிடந்த இடத்தில் தண்ணீரைப் பார்த்ததும் பெரியவர்களே கால் நனைக்க இறங்கும்போது, பதினைந்து வயதுப் பையன் கரையில் நிற்பானா? காவிரி இரண்டாகப் பிரிகிற அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத இழுப்பு உண்டு. மணல் எடுத்த பள்ளங்களில் சுழலும் உண்டு. அங்கே 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டி, 180 ஆண்டுகள் நின்ற மேலணையின் ஒன்பது மதகுகளை 2018 ஆகஸ்ட் மாதத்து வெள்ளம் ஒரே இரவில் இழுத்துக்கொண்டு போனதை இந்த ஊரே போய்ப் பார்த்தது. நீச்சல் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பலருக்குக் கிணற்று நீச்சலோ குளத்து நீச்சலோதான் தெரியும்.

என் அனுபவம் ஒன்றைச் சொன்னால்தான் நான் கேட்கப்போவது ஏன் என்று புரியும். 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு நாள், பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் மூன்று பேர் என் வண்டியில் முக்கொம்புக்கு வந்தார்கள். இறங்கும்போது, “அண்ணே, பையை உங்க சீட்டுக்கு அடியில வைச்சிருங்க, மூணே முக்கால் வண்டிக்கு வந்து வாங்கிக்கிறோம்” என்றான் ஒருவன். வைத்துக்கொண்டேன். அப்படி வைத்திருக்கக் கூடாது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். மூன்றே முக்கால் நடைக்கு நான் போனபோது மூவரில் ஒருவரும் இல்லை. ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திக் கொண்டிருக்க, கரையோரமாக நான் ஓடிப் பார்த்தேன். படித்துறையில் செருப்பு கிடக்கிறதா, சட்டை கிடக்கிறதா என்றுதான் கண் தேடியது. எதுவும் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் யாருக்குச் சீட்டுக் கொடுத்தேன், யாருக்கு மீதி கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. சத்திரத்தில் நேரக்காப்பாளர் அறையில் பையைத் திறந்தோம். எலுமிச்சைச் சோறு டப்பா அப்படியே மூடியிருந்தது. நாட்குறிப்பில் ஒரு மளிகைக் கடையின் தொலைபேசி எண் இருந்தது. அந்த எண்ணை அழைத்தபோது மணி ஐந்தரை.

அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் அந்தப் பைக்குரிய பையனின் தாய்க்கு விஷயமே தெரிந்திருக்கிறது. பையன் வரக் காணோமே என்று பள்ளி வாசலுக்குப் போன அவரிடம், வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “காலையிலிருந்தே வரவில்லையே, அம்மா” என்று நிதானமாகச் சொல்லியிருக்கிறார்கள். பூங்காவில் தெரிந்தவர் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டதால் பயந்துபோய், பக்கத்து எலமனூர் நிலையத்தில் பாசஞ்சர் ரயிலேறிக் கரூர் வரை போய்விட்ட மூவரும் இரவு ஒன்பது மணிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள் என்பது எங்கள் நல்வினை. அந்த மூன்றரை மணி நேரத்தில் ஆறு கொண்டுபோய்விட்டது என்றே நானும் அந்தத் தாயும் நினைத்துக் கொண்டிருந்தோம்.

அன்று காலை முதல் அந்த மூன்று பையன்களையும் எத்தனை பெரியவர்கள் பார்த்தோம் என்று பிறகு நான் எண்ணிப் பார்த்ததுண்டு. கழிப்பிடத்தில் காசு வாங்கியவர், தேநீர்க் கடைக்காரர், நான், என் ஓட்டுநர், பூங்காவில் நுழைவுச் சீட்டுக் கொடுத்தவர், ரயிலில் எதிரே உட்கார்ந்தவர். எங்கள் எல்லாருக்கும் தெரியும், இவர்கள் பள்ளியில் இருக்க வேண்டியவர்கள் என்று. பள்ளிக்கு ஒன்பதரை மணிக்கே எழுத்து மூலமாகத் தெரியும். ஊரில் தெரியாமல் இருந்தது வீட்டுக்கு மட்டும்தான். பத்து மணிக்கு வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போயிருந்தால், அந்தத் தாயோ மளிகைக் கடைக்காரரோ சத்திரத்துக்கு வந்து விசாரித்திருப்பார். நேரக்காப்பாளர் என்னைக் கேட்டிருப்பார். மதியத்துக்குள் பையன்கள் வீட்டில் இருந்திருப்பார்கள்.

பள்ளி நிர்வாகங்களைக் குறை சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. ஐம்பது அறுபது பேர் இருக்கிற வகுப்பில் வராத ஐந்து பேரின் வீட்டுக்கும் தினமும் பேசு என்று ஆசிரியரிடம் சொன்னால், முதல் பாடவேளை அதிலேயே போய்விடும். ஆயினும் இன்று அரசுப் பள்ளிகளில் அன்றாட வருகை கைப்பேசிச் செயலி வழியாகவே பதிவாகிறது. காலை பத்து மணிக்குச் சென்னையில் உள்ள கணினிக்குத் தெரிந்துவிட்ட ஒரு செய்தி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் தாய்க்கு மாலை வரை தெரியாமல் இருக்கிறது என்றால், அது வேலைப்பளுவால் மட்டும் நேர்கிற குறை ஆகாது. தனியார் பள்ளிகளில் பலவும் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கொரோனா காலத்தில் இணையவழி வகுப்புக்காக வீட்டுக்கு ஒன்றாக வாங்கிய கைப்பேசியின் எண்ணைத்தான் பலர் பள்ளியில் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கைப்பேசி இப்போது யாரிடம் இருக்கிறது? ‘தங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை’ என்ற செய்தி மலைக்கோட்டை உச்சியில் உட்கார்ந்திருக்கும் அந்த மகனுக்கே வந்து சேர்கிறது. நண்பர்களுக்குக் காட்டிச் சிரித்துவிட்டு அழித்து விடுகிறான். எனவே எண்ணைப் பதிவு செய்வதோடு நில்லாமல், அது தாயிடமோ தந்தையிடமோ உண்மையிலேயே இருக்கிற எண்தானா என்று ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும். இரண்டாவதாகப் பக்கத்து வீடோ கடையோ ஒன்றின் எண்ணும் வேண்டும்.

வராத மாணவன் மறுநாள் வரும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் அடுத்த வருத்தம். ‘அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் விடுவேன்’ என்பது எல்லாப் பள்ளிகளிலும் எழுதாத சட்டமாக இருக்கிறது. பள்ளிக்கு வராததற்குத் தண்டனையாகப் பள்ளிக்கு வராதே என்று சொல்கிற இந்த விநோதத்தை யாரும் நின்று யோசிப்பதில்லை. காந்தி மார்க்கெட்டில் நள்ளிரவு இரண்டு மணிக்கு மூட்டை தூக்கப் போய், காலையில் வந்து படுக்கிற தகப்பனிடம் அந்தப் பையன் இதைச் சொல்வானா? துவாக்குடிப் பட்டறையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டிய தகப்பன், வந்த கோபத்தை எங்கே காட்டுவான்? பயந்துபோன பையன் இரண்டாம் நாளும் வெளியே நிற்கிறான், மூன்றாம் நாளும் நிற்கிறான். ஒரு நாள் குறும்பாக முடிந்திருக்க வேண்டியது ஒரு வாரமாகிறது. வாரத்துக்குப் பிறகு அவனுக்கே உள்ளே போகக் கூச்சமாகி விடுகிறது. படிப்பை விட்டுவிட்டுப் பிற்பாடு பட்டறையிலும் ஓட்டலிலும் வேலை செய்துகொண்டு என் வண்டியில் வந்த இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்தபோது, அவர்களில் பலர் சொன்ன கதை ஏறக்குறைய இதுதான்.

வேறு வழியும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். சத்திரத்தில் தேநீர் குடித்துக் கொண்டிருந்த என்னிடம் ஒரு பையன் வந்து, ஐம்பது ரூபாய் தருவதாகவும் அவனுடைய மாமாவாக வந்து தலைமையாசிரியரிடம் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் மிகுந்த மரியாதையோடு கேட்டான். நான் மறுத்துவிட்டேன். அருகில் நின்ற இன்னொருவர் சம்மதித்துப் போனார். ஒரு வாரம் கழித்து அந்தப் பையனைப் பார்த்தபோது விசாரித்தேன். ‘மாமா’ நம்பகத்தன்மைக்காகத் தலைமையாசிரியர் முன்னிலையிலேயே இரண்டு அறை விட்டாராம். ஐம்பது ரூபாய்க்கு அது அதிகப்படி என்று அவன் குறைப்பட்டுக்கொண்டான்.

காவல்துறையினர் பிடித்துத் தோப்புக்கரணம் போடச் சொல்வதையும், திருக்குறளை நூறு முறை எழுதச் சொல்வதையும் பாராட்டி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். குறளைத் தண்டனையாக்கிக் கொடுத்தால் அந்தப் பையன் பிற்பாடு வள்ளுவரை எந்த முகத்தோடு பார்ப்பான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். படத்தைப் போடச் சொல்கிற வாசகருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பையன்களோடு பெண் பிள்ளைகளும் சில நாள் வருவதுண்டு. மூன்று தோழிகள் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அதற்கு மேல் ஒன்றும் இராது. ஆனால் பிடிபட்டால் பையனுக்கு அடி வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. பெண்ணுக்குப் படிப்பே போகிறது. ‘ஊர் சுற்றுகிறாள்’ என்ற ஒரு சொல் போதும், பதினெட்டு வயதாவதற்கு முன்பே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி விடுகிறார்கள். என் வண்டியில் தினமும் வந்துகொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படி நின்றுபோனதை நான் அறிவேன். முகம் தெரிகிற படம் ஒன்று தங்கள் நாளிதழில் வந்தால் எத்தனை வீடுகளில் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்த்து, அப்படிப்பட்ட படங்களை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாற்றுச் சான்றிதழ் யோசனையைப் பொறுத்தவரை, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. மட்டம் போடும் வயதோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பாதுகாப்பு முடிகிற இடத்தில் சபலம் தொடங்குகிறது என்பதால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில்தான் நாம் கூடுதலாகக் கவனம் செலுத்த வேண்டும். 2023 மார்ச் மாதம் பிளஸ் 2 மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் வரவில்லை என்ற செய்தி வந்தபோது எல்லாரும் திடுக்கிட்டோம். எனக்கு வியப்பாக இல்லை. அந்த 50 ஆயிரம் பேரும் ஒரே நாளில் காணாமல் போனவர்களாக இருக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் முதன்முதலாக வராமல்போன ஒரு நாள் இருந்திருக்கும். அன்று யாரேனும் கேட்டார்களா என்பதுதான் கேள்வி.

நானும் யோக்கியன் இல்லை. 1975இல், இப்போதைய காவிரிப் பாலம் கட்டிக் கொண்டிருந்த காலத்தில், கணக்குத் தேர்வுத் தாள் கொடுக்கிற நாளன்று இரண்டு நண்பர்களோடு மட்டம் போட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். ராஜகோபுரம் அப்போது மொட்டைக் கோபுரமாக நின்றது. அதன் நிழலில் உட்கார்ந்து நாள் முழுவதும் வேர்க்கடலை தின்றோம். மாலையில் நான் வீடு திரும்பியபோது எங்கள் வகுப்பாசிரியரின் சைக்கிள் வாசலில் நின்றது. திண்ணையில் உட்கார்ந்து என் தாயிடம் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “நாற்பத்தொன்று வாங்கியிருக்கிறாய், பயப்படும்படி ஒன்றும் இல்லை” என்றார். மறுநாள் பிரம்பால் இரண்டு அடியும் கொடுத்தார். அந்தப் பிரம்பை நான் பாராட்டவில்லை. இன்றைய சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. ஆனால் அன்றைய செய்தி அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் எதற்குப் பயந்து போனேன் என்பதையும் அவர் தெரிந்து வைத்திருந்தார்.

சைக்கிளில் வந்து திண்ணையில் உட்கார இன்றைய ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை என்பது உண்மை. எனக்கு இருக்கிறது. எங்கள் ஓய்வுபெற்ற ஊழியர்களில் பலருக்கும் இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் பெற்றோர் உறுப்பினர்களில் ஒருவரோ, அவர்கள் நம்பித் தேர்ந்தெடுக்கிற ஓய்வுபெற்றவர் ஒருவரோ, காலை ஒன்பதரை முதல் பத்தரை வரை பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து வராதவர்களின் வீடுகளுக்குப் பேசினால் போதும். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் கடந்த ஜூன் மாதம் நானே போய் இதைக் கேட்டேன். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி, மரியாதையாக நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த உத்தரவைப் பிறப்பிக்கக் கூடிய கல்வி அதிகாரிகள் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். தொலைபேசிக் கட்டணத்தைக்கூட அவர்கள் தர வேண்டியதில்லை. என் கைப்பேசியில் மாதம் முழுவதும் பேசிக்கொள்ளலாம் என்றுதான் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
திருவானைக்காவல், திருச்சி – 5.